யாகி அன்டெனாவுக்கு 75 ஓம் கேபிள் சரிவருமா?

படுவான்கரையான்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: ரவுட்டரின் மின்மறுப்பு 50 ஓம், தொலைக்காட்சிக் கேபிளுக்கு 75 ஓம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆகவே தூரத்துக் கோபுரத்தின் சிக்னலைப் பிடிக்கும் யாகி அன்டெனாவை அந்தக் கேபிளில் பூட்டுவது வீண் வேலையாம். வாசித்த நேரம் முதல் எரிச்சல் அடங்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஆயித்தியமலைப் பக்கம் எங்கள் வயல் வாடியில் அதே கேபிள்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் இரவில் யானை வயலில் இறங்கினால், பரணில் ஏறி, ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைத்தொலைபேசியைக் கிழக்கே நீட்டித்தான் ஆட்களைக் கூப்பிட்டோம். இப்போது பாயில் இருந்தபடி கூப்பிடுகிறோம். இதுவா வீண் வேலை?

களுவாஞ்சிக்குடியான்: எழுதியது நான்தான். 75 ஓம் 50 ஓமுக்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் அலை திரும்பிப் போகும். படித்தவர்களுக்குத் தெரியும்.

படுவான்கரையான்: எவ்வளவு திரும்பும்? அதைச் சொல்ல மாட்டீர்கள். 100 பங்கில் 4. நீங்கள் புகழும் மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 50 ஓம்தான், ஆனால் கைத்தொலைபேசி அலை ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஓடினால் 10 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். அதாவது சிக்னலில் பத்தில் ஒரு பங்குகூடக் கீழே வந்து சேராது. தொலைக்காட்சிக்கு இழுக்கும் ஆர்ஜி 6 தின்பது டெசிபலில் அதன் பாதியளவுதான்.

களுவாஞ்சிக்குடியான்: 4 பங்கு போனாலும் நட்டம் நட்டம்தான்.

வவுணதீவுத் தம்பி: அண்ணன்மாரே, இப்போதைய கைத்தொலைபேசிகளில் வெளி அன்டெனா செருக இடமே இல்லை. ரவுட்டரையே நனையாத பெட்டிக்குள் வைத்துக் கம்பத்தில் ஏற்றி, நெட்வேர்க் கேபிளைக் கீழே இறக்கினால் 100 மீட்டர் வரை இழுக்கலாம். இந்த ஓம் சண்டையே தேவையில்லை.

படுவான்கரையான்: தம்பி, அது பிறகு. முதலில் அவர் 75 ஓம் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறட்டும்.

அக்கரைப்பற்று நானா: இதற்கிடையில் யாரும் அனுமதியில்லாத பூஸ்டர் வாங்கிவிடாதீர்கள். அது வாங்கிய அலையைப் பெருக்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி. பிசகினால் கோபுரத்தையே குழப்பி ஊருக்கே சிக்னல் இல்லாமல் செய்யும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

படுவான்கரையான்: நானா, பூஸ்டரைப் பற்றி இங்கே யார் கேட்டது? பேச்சு கேபிளைப் பற்றியது. கோபுரத்துக்கு அடியில் குடியிருப்பவர்களுக்கு எங்கள் கஷ்டம் எப்படித் தெரியும்?

களுவாஞ்சிக்குடியான்: நான் பிறந்தது வெல்லாவெளியில். படுவான்கரை உங்கள் ஒருவருடைய சொத்தா? அந்தக் கம்பத்தை நட என் ஏணியை வாங்கிக்கொண்டு போனீர்களே, மாரியும் முடிந்துவிட்டது, ஏணி இன்னும் வரவில்லை.

படுவான்கரையான்: உங்கள் ஏணியில் இரண்டு படி உக்கிப்போயிருந்தன. புதுப் படி அடித்தது நான். அதையும் இங்கே எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்: படி அடிக்க யார் சொன்னது?

வவுணதீவுத் தம்பி: ரவுட்டரைக் கம்பத்தில் ஏற்றினால்...

படுவான்கரையான்: பொறு தம்பி. நாளைக் காலையில் இரண்டு கேபிளையும் மாறி மாறிச் செருகி, ரவுட்டர் காட்டும் அளவைப் படம் எடுத்துப் போடுகிறேன். 4 பங்கு. எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்: படம் வேண்டாம், ஏணியைக் கொண்டுவாருங்கள். 75 ஓம் 50 ஓமுக்குப் பொருந்தாது.