வேளச்சேரி ஃப்ளாட்ல இருந்துட்டு பாக்கற மாதிரி என்ன பூச்சி இருக்கு?

மூணாவது_மாடி:

வணக்கம் மக்களே. நாங்க வேளச்சேரில மூணாவது மாடி, பால்கனில ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஒரு நந்தியாவட்டை, அவ்ளோதான் தோட்டம். பொண்ணு ஆறாவது படிக்கறா. யூட்யூப்ல அமேசான் காட்டு வண்டு, நீலக்கலர் பட்டாம்பூச்சின்னு பாத்துட்டு இப்ப ஒரே புலம்பல், நம்ம ஊர்ல ஏம்ப்பா கரப்பானும் கொசுவும் மட்டும் இருக்குன்னு. லீவுக்கு வால்பாறை கூட்டிட்டு போலாம்னு சொல்லி வச்சிருக்கேன், ஆனா ஆபீஸ்ல லீவு குடுக்கற லட்சணம் தெரியும்ல.

இதுக்கு நடுவுல கறிவேப்பிலைல காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கேன்னு பாத்தா அது நகருது. எங்கம்மா உடனே துடைப்பத்தோட வந்துட்டாங்க, பொண்ணு செடிக்கு முன்னாடி நின்னு மறிச்சுட்டா. வீட்ல இப்போதைக்கு போர் நிறுத்தம்.

கேள்வி இதான். அந்தப் புழுவ விட்டா செடி போயிடுமா? சென்னைக்குள்ளயே அவளுக்கு காட்டற மாதிரி ஏதாவது இருக்கா, இல்ல மலைக்குப் போனாத்தான் உண்டா? அப்புறம் போட்டோ எடுக்க பெரிய கேமரா வாங்கணுமா, பட்ஜெட் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன்.

மாடித்தோட்டம்_பெரம்பூர்:

துடைப்பத்த உள்ள வைக்கச் சொல்லுங்க ப்ரோ, அது எலுமிச்சை பட்டாம்பூச்சியோட புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை எல்லாம் ஒரே குடும்பம், அதனால அந்தப் பட்டாம்பூச்சி எத்தனாவது மாடியா இருந்தாலும் மோந்து கண்டுபிடிச்சு வந்து தளிர்ல ஒவ்வொரு முட்டையா வச்சுட்டு போயிடும். சின்னப் புழுவா இருக்கறப்ப பழுப்பும் வெள்ளையுமா எச்சம் வேஷம், எந்தக் குருவியும் தன்னோட எச்சத்த தானே கொத்தாதுல்ல. நாலு தடவ தோல் உரிச்சதும் வேஷத்த கலைச்சுட்டு இலைப்பச்சைக்கு மாறிடும், அப்ப இலையோட இலையா உக்காந்தா கண்ணுக்கு எதிர்ல இருந்தும் தெரியாது.

பொண்ண ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. ஒரு குச்சியால புழுவோட முதுக லேசா தொடச் சொல்லுங்க, நசுக்காம. தலைக்குப் பின்னாடி இருந்து கவட்டை மாதிரி பிரிஞ்ச ஆரஞ்சு கொம்பு ஒண்ணு சட்டுனு வெளிய வரும், கூடவே ஒரு புளிச்ச நாத்தம் அடிக்கும். எறும்பு, குளவி எல்லாத்தையும் விரட்டறதுக்கு அது. கொஞ்ச நேரத்துல கொம்பு உள்ள போயிடும், புழு எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி இலைய மெல்ல ஆரம்பிச்சிடும்.

செடி போகாது. ரெண்டு மூணு கொத்து மொட்டையாகும், மறுபடி துளிர்க்கும். குட்டிச் செடியா இருந்து புழு நிறைய இருந்தா மட்டும் பாதிய எலுமிச்சைக்கு மாத்தி விடுங்க, அதுவும் தின்னும். கூட்டுப்புழு ஆனப்புறம் ஒரு வாரம் பத்து நாள் பொறுமையா இருங்க. கூடு தோல் வழியா உள்ள இருக்கற றெக்கையோட கலர் தெரிய ஆரம்பிச்சா அடுத்த நாள் காலைல சீக்கிரம் எழுப்பி விடுங்க பாப்பாவ.

நந்தியாவட்டையையும் விட்டுடாதீங்க. கட்டை விரல் தண்டிக்கு பச்சைப் புழு வந்து, முன்பக்கம் ரெண்டு நீலக் கண்ணு வச்சு முறைச்சுதுன்னா பயப்படாதீங்க, அது நிஜக் கண்ணு இல்ல, அரளி அந்துப்பூச்சியோட புழு. அந்த அந்து வெளிய வரப்ப ஆலிவ் பச்சையும் ரோஸுமா பளிங்குல கோடு ஓடற மாதிரி இருக்கும், என்னக் கேட்டா அமேசான் நீலத்த விட இதுதான் அழகு.

சும்மா_ஒருத்தன்:

எல்லாம் சரி, மழைக்காலத்துல தொட்டி தட்டுல தண்ணி நின்னா பட்டாம்பூச்சி வராது, டெங்கு கொசுதான் வரும். வாரத்துக்கு ஒரு தடவ தட்ட தேச்சு கவுத்துங்க, முட்டை தட்டு ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும், சும்மா தண்ணிய கொட்டினா போகாது. பூச்சிய ரசிக்கறவங்க இத மட்டும் மறந்துடறீங்க. எங்க வீட்ல ரெண்டு பேர் படுத்து எழுந்தோம், அதான் சொல்றேன்.

பழைய_விலங்கியல்_வாத்தியார்:

மேல தம்பி சொன்னதும் வாஸ்தவம்தான், தட்ட கவுத்துட்டு மத்தத பாருங்க.

எனக்கு இந்த விஷயத்துல குளவிதான் பிடிக்கும். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்லையா, பசங்கள அடிச்சுப் படிக்க வைக்கறதுக்கு அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு ரொம்ப வசதியான வாசகம். சொன்னவன் பாத்தது நிஜம், முடிவுதான் வேற. குளவி மண்ணு உருட்டிட்டு வந்து ஜன்னல் ஓரத்துல சின்ன குடுவை கட்டுது, புழுவ தேடிப் பிடிச்சு கொட்டி உள்ள அடைக்குது, வாய மூடிட்டு போயிடுது, கொஞ்ச நாள் கழிச்சு அதே குடுவைய ஓட்டை போட்டுட்டு ஒரு குளவி வெளிய வருது. பாக்கறவனுக்கு புழுவே குளவி ஆயிடுச்சுன்னுதானே தோணும்? ஆனா உள்ள நடக்கறது வேற. கொட்டின புழு சாகறதில்ல, அசைய முடியாம கிடக்கும், அப்பதான் கெட்டுப் போகாது. குடுவை கூரைல ஒரு நூல்ல குளவியோட முட்டை தொங்கிட்டு இருக்கும், பொரிஞ்சு வர குஞ்சுக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. சுவத்துல நீள நீளமா மண்ணுக் குழாய் ஒட்டி வைக்கற இன்னொரு குளவி இருக்கு, அது புழுவ தொடாது, எட்டுக்கால் பூச்சிய பிடிச்சு நிரப்பும். வீட்ல குளவி கூடு கட்டினா குழந்தை பொறக்கும்னு எங்க பாட்டி அத கலைக்கவே விடமாட்டாங்க. குளவி வீட்ல பொறக்கறது என்னமோ உறுதி.

கரப்பான்னு சொன்னீங்களே, அதுக்கும் ஒரு குளவி இருக்கு. மரகதப் பச்சைல மின்னும், நடுக்கால், பின்னங்கால் தொடைகள் மட்டும் சிவப்பு, தனியா வைச்சுப் பாத்தா நகைக்கடை சாமான். கரப்பான மொத கொட்டு நெஞ்சுல கொட்டி முன்னங்கால அசையாம பண்ணும், ரெண்டாவது கொட்டு நேரா மூளைல. அதுக்கப்புறம் கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், ஆனா தானா கிளம்பணும்னு தோணாது. குளவி அதோட மீசைய பாதியா கடிச்சு, மிச்சத்த பிடிச்சு மாட்ட ஓட்டிட்டு போற மாதிரி வளைக்கு நடத்திக் கூட்டிட்டு போகும், கால்ல ஒரு முட்டைய ஒட்டிட்டு வாசல கல்லு போட்டு அடைச்சிடும். நம்ம நாட்டு வெயில் ஊருங்கள்ல இருக்கற குளவிதான் இது, பழைய வீட்டு கொல்லை, பாத்ரூம் பக்கம் பாக்கலாம். எல்லா வீட்லயும் மூலைக்கு மூலை ஸ்ப்ரே அடிச்சா கரப்பான் எப்படியும் திரும்ப வந்துடும், இது வராது.

அறிவியல் பேர் வச்ச பூச்சி மட்டும் கிட்டத்தட்ட 10 லட்சம் வகை, அதுல ஏறக்குறைய 4 லட்சம் வண்டு. நம்ம சென்னை லயோலால இருந்து டி.என். அனந்தகிருஷ்ணன்னு ஒருத்தர், கண்ணுக்கே சரியா தெரியாத இலைப்பேன ஆராய்ச்சி பண்ணி உலகம் பூரா பேர் வாங்கினார், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கே டைரக்டரா இருந்தார். அவர் வால்பாறைக்கு போய்த்தான் ஆரம்பிச்சிருப்பார்னு எனக்குத் தோணல.

மூணாவது_மாடி:

சார், கரப்பான் கதைய படிச்சுக் காட்டினேன், பொண்ணு மூணு தடவ திரும்ப படிக்கச் சொன்னா. எங்கம்மா சாப்பிட்டு இருந்த தட்ட எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

இன்னொண்ணு, ஹால் சுவத்துல குட்டியா ஒரு எட்டுக்கால் இருக்கு, வலை கட்டறதில்ல, கிட்ட போனா திரும்பி நம்மளயே பாக்குது. விஷமா? அப்புறம் நான் சின்னப் பையனா இருந்தப்ப திண்டிவனம் பக்கம் தீப்பெட்டில பொன்வண்டு வளப்போம், அது இங்க கிடைக்குமா?

பீச்_பக்கம்:

அம்மா இறால் தொக்கு சாப்பிடுவாங்களா ப்ரோ? அப்ப அவங்ககிட்ட மெதுவா சொல்லுங்க, பூச்சிங்க எல்லாமே இறால் நண்டு குடும்பத்துல இருந்து பிரிஞ்சு கரைக்கு வந்த ஒரு கிளைதான்னு. கரப்பானுக்கு பூரானை விட இறால்தான் கிட்டத்து சொந்தம். எங்க வீட்ல இத சொன்னதுல இருந்து எனக்கு மட்டும் தனியா இறால் கிடைக்குது.

பெசன்ட் நகர் பீச்சுக்கு விடியக்காலைல கூட்டிட்டு வாங்க. அலை திரும்பி போறப்ப ஈர மணல்ல குட்டி குட்டியா V வடிவத்துல கோடு தெரியும், அந்த இடத்த ஒரு கை அள்ளினா பாக்கு சைஸ்ல வழவழன்னு ஒண்ணு உள்ளங்கைய நோண்டும், மணல் நண்டு. முன்னாடி நடக்கத் தெரியாது, எல்லாமே ரிவர்ஸ்தான். மணல்ல பொதைஞ்சுட்டு இறகு மாதிரி இருக்கற ரெண்டு மீசைய மட்டும் வெளிய விரிச்சு, இறங்கற தண்ணில வர தூசு சாப்பாட்ட வடிகட்டும், ஒவ்வொரு அலைக்கும் அதே வேலை. கொஞ்சம் மேல காஞ்ச மணல்ல குச்சில கண்ணு வச்ச பேய் நண்டு ஓடும், அத பிடிக்க முடிஞ்சா ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பலாம். தண்ணி வடியற நேரத்துல அடையாறு முகத்துவார சேத்துப் பக்கம் போனா ஒரு கொடுக்கு மட்டும் பெருசா வச்ச நண்டு, ஆம்பளைங்க எல்லாம் அத மேலயும் கீழயும் ஆட்டி பொண்ணு கூப்பிடும். சேத்துல இறங்காதீங்க, கரைல நின்னு பைனாகுலர்ல பாருங்க, அந்த நாத்தமும் கிடைக்காது.

மேக்ரோ_பைத்தியம்:

சுவத்துல நம்மள பாக்கறது குதிக்கும் எட்டுக்கால் ப்ரோ, ஒண்ணும் பண்ணாது, கொசுவையும் ஈயையும் பிடிச்சு வாடகை குடுத்துட்டு இருக்கு. எட்டு கண்ணு, முன்னாடி ரெண்டு மட்டும் பெருசு. அந்த ரெண்டுக்குள்ள லென்ஸ் அசையாது, உள்ள இருக்கற விழித்திரை குழாய் நகரும், அதனாலதான் நிஜமாவே உத்து பாக்குதுன்னு தோணும். குதிக்கறதுக்கு நம்மள மாதிரி தசைய நம்பாது, காலுக்குள்ள திரவத்த அழுத்தி நீட்டும், போறப்ப பின்னாடி ஒரு நூல ஒட்டிட்டுத்தான் பாயும், தவறினா தொங்கிக்கும். லேப்டாப் ஸ்கிரீன் கிட்ட வந்தா மவுஸ் அம்புக்குறிய மெதுவா நகர்த்திப் பாருங்க, சில சமயம் அது பின்னாடியே வரும், எனக்கு பாதி மீட்டிங் இப்படித்தான் போகுது. எட்டுக்கால்ல இதுதான் பெரிய குடும்பம், 6000 வகைக்கு மேல, 2022ல உலகத்துல பேர் வச்ச எட்டுக்கால் எண்ணிக்கை 50,000த்த தொட்டப்ப அந்த 50,000மாவதும் ஒரு குதிக்கும் எட்டுக்கால்தான்.

இதுலயே ஒரு கில்லாடி இருக்கு. மாமரத்துல இலைய தைச்சு கூடு கட்டற செவ்வெறும்பு தெரியும்ல, பெரிய எறும்புங்க வரிசையா நின்னு ரெண்டு இலைய இழுத்து பிடிக்கும், ஒண்ணு தன்னோட குட்டிப் புழுவ வாய்ல கவ்விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டு தொட்டு அது விடற பட்டு நூல்ல தைக்கும். அந்த எறும்பு வேஷத்துல ஒரு எட்டுக்கால் சுத்தும், அதே சிவப்பு, அதே ஒல்லி இடுப்பு, முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டிட்டு நடக்கும். கால எண்ணினா மாட்டிக்கும், இல்ல விரல கொண்டு போனா நூல் விட்டு கீழ இறங்கிடும், எறும்பு அத பண்ணாது. கிண்டி பக்கம் மாமரம் இருக்கற எந்தத் தெருவுலயும் தேடிப் பாருங்க, பொண்ணு கண்டுபிடிச்சா ஒரு ஐஸ்கிரீம்.

வேஷத்த பத்தி பேசறப்ப, உங்க கறிவேப்பிலைக்கே வர இன்னொரு கருப்பு பட்டாம்பூச்சி இருக்கு, அதுல சில பொம்பளைங்க மட்டும் விஷம் இருக்கற ரோஜா அழகிங்கற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு புள்ளி போட்டு டிரஸ் பண்ணும், ஆம்பளை சாதா டிரஸ்தான். ஒரே ஒரு ஜீன்தான் அந்த மொத்த மேக்கப்பையும் கட்டுப்படுத்துதுன்னு 2014ல கிருஷ்ணமேக் குந்தேயும் அவர் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சாங்க. அசல ஒப்பிட்டு பாக்கணும்னா உடம்ப பாருங்க, விஷம் இருக்கறதுக்கு உடம்பும் சிவப்பு, டூப்புக்கு உடம்பு கருப்பு.

பொன்வண்டு சிட்டிக்குள்ள கஷ்டம், வண்டலூர் தாண்டி வேலமரம் இருக்கற பக்கம் மழைக்காலத்துல பாருங்க, தீப்பெட்டி வேணாம், பாத்துட்டு விட்டுடுங்க. அந்தப் பச்சை சாயம் கிடையாது, றெக்கை ஓட்டுல மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கற படலத்துல வெளிச்சம் பட்டு வர கலர், அதான் வண்டு செத்து நூறு வருஷம் ஆனாலும் மங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்க மெட்ராஸ்லயே மஸ்லின் துணில அந்த றெக்கைய வச்சு தைச்சு சீமைக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. 1888ல லண்டன்ல எலன் டெரின்னு ஒரு நடிகை ஆயிரம் வண்டு றெக்கை தைச்ச கவுன் போட்டு மேடை ஏறினாங்க, அந்த கவுன் இன்னும் இருக்கு, பச்சையும் இருக்கு.

செப்டம்பர் அக்டோபர்ல பள்ளிக்கரணை ரோட்ல தட்டான் கூட்டமா பறக்குமே, உங்க வீட்டுக்கு பக்கம்தான். அந்த மஞ்சத் தட்டான் நம்ம நாட்டுல இருந்து மாலத்தீவு வழியா கடல தாண்டி ஆப்பிரிக்காவுக்கு போகுதுன்னு 2009ல சார்லஸ் ஆண்டர்சன்னு ஒருத்தர் எழுதினார். மாலத்தீவுல அது முட்டை விடற மாதிரி நல்ல தண்ணி கிட்டத்தட்ட கிடையாது, இருந்தும் வருஷா வருஷம் அக்டோபர்ல வந்து நிக்குதேன்னு பாத்துதான் அவருக்கு பொறி தட்டுச்சு. வாலு பிடிச்சு நூல் கட்டி விளையாடினோமே, அதே தட்டான்.

கேமரா வாங்காதீங்க. போன்ல மாட்டற கிளிப் லென்ஸ் போதும், ஆன்லைன்ல சில நூறு ரூபாய்ல கிடைக்கும். மூச்ச பிடிச்சுட்டு போன முன்ன பின்ன நகர்த்தி ஃபோகஸ் பண்ணுங்க, ஜூம் பண்ணாதீங்க. பேர் தெரியலன்னா ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போடுங்க, ஊர்க்காரங்களே வந்து சொல்லுவாங்க.

ஒண்ணு மட்டும் பாப்பாவுக்கு சொல்லிக் குடுத்துடுங்க. ராத்திரி டியூப்லைட்டுக்கு எறும்பு மாதிரி ஒல்லியா, ஆரஞ்சும் கருப்பும் பட்டை பட்டையா ஒரு பூச்சி வரும், ஆசிட் பூச்சின்னு சொல்லுவாங்க. அது கடிக்காது, ஆனா கழுத்துல உக்காந்தத தட்டி நசுக்கினா உள்ள இருக்கற விஷம் பட்டு ரெண்டு நாள்ல கோடா கொப்பளிக்கும். ஊதி விடணும், இல்ல ஒரு பேப்பர்ல ஏத்தி வெளிய விடணும், பட்டுட்டா உடனே சோப்பு போட்டு கழுவணும், அந்தக் கையோட கண்ண தொடக்கூடாது. பூரானையும் கைல எடுக்க வேணாம். ரயில் பூச்சிய தாராளமா எடுக்கலாம், கைல ஒரு மஞ்சக் கறையும் நாத்தமும் விட்டுட்டு போகும், அத அம்மா தலையணைல மட்டும் தொடைக்காம பாத்துக்கோங்க.