மடிப்பில் பிளக்கும் பட்டுப்புடவை: காப்பாற்ற வழி உண்டா?

அம்மாவின் பட்டுப்புடவை மடிப்புக் கோட்டில் பிளக்கிறது. 1986இல் வாங்கியது, அரக்கு நிறம், வெள்ளிச் சரிகைக் கரை. அம்மா போன பிறகு 11 ஆண்டுகள் பீரோவில் ஒரே மடிப்பில் கிடந்தது. மடிப்பை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன மாதம் பிரித்தேன். முந்தானையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அகலவாக்கு மடிப்பில் மூன்று பிளவுகள். பெரியது நான்கு விரற்கடை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் மட்டும் கொசகொசவென்று தொங்குகிறது. சரிகையும் கறுத்திருக்கிறது, வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இஸ்திரி போட்டால் ஒட்டும் துணியை ஒரு பிளவின் பின்னால் வைத்தேன். அந்த இடம் அட்டைபோல் விறைத்து, ஒட்டின் ஓரத்திலேயே புதிதாகக் கிழிந்தது. இழையோட்டித் தைப்பவர் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஊசி தாங்காது' என்று திருப்பித் தந்துவிட்டார். அதே புடவையின் ரவிக்கைத் துண்டில் நானே ஒற்றை இழையால் தைத்துப் பார்த்தேன். ஊசித் துளைகள் ஒன்றுசேர்ந்து இன்னொரு கிழிசலானது.

வெட்டிச் சுடிதார் தைத்துக்கொள் என்கிறார்கள். மனம் வரவில்லை. வாரம் முழுக்கப் பேன்ட், சட்டையில் திரிபவள் நான். இதைத் தோளில் போட்டதும் கண்ணாடியில் அம்மாவின் இடது தோள் சரிவு அப்படியே தெரிந்தது.

மெல்லிய பட்டு வலைத்துணியைப் பின்புறம் முழு அகலத்துக்கும் கொடுத்துக் கையால் தைத்தால், இரண்டு மணி நேரமாவது உடுத்த இந்தப் புடவை தாங்குமா?