ஜிஎஸ்டி நிலுவை: வங்கிக் கணக்கை முடக்குவதற்கு முன் தவணை வாங்க முடியுமா?

கைலாசபுரம் அச்சகம்:

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கைலாசபுரத்தில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் எங்கள் தெருவை என்ன செய்தது என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பிறந்த கையோடு வந்த வெள்ளம் அது. புத்தாண்டு நாட்காட்டி வேலையும் தை முகூர்த்தப் பத்திரிகை வேலையும் சேர்ந்து வருகிற காலம் என்பதால், ஆண்டிலேயே அப்போதுதான் கடையில் காகிதம் நிறைய இருக்கும். தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது ஆர்ட் பேப்பர் ரீம்கள் தாளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டு பலகை பலகையாக இருந்தன. ஒரு தாளைக்கூட உரித்தெடுக்க முடியவில்லை. மேப்லித்தோ காகிதத்தில் மேலடுக்கில் இருந்தவற்றை மட்டும் கயிறு கட்டி உலர்த்தி, துண்டறிக்கை வேலைக்குப் பயன்படுத்தினோம்.

இப்போது சென்ற மாதம் ஆணை வந்திருக்கிறது. அழிந்துபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்து, பிறகு நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்டவில்லை என்று வரி 2,16,000 ரூபாய். வட்டியும் அபராதமும் சேர்த்து 3,12,000 ரூபாய்க்குப் பக்கம். கடையில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எந்திரத்தைப் பழுதுபார்க்க வாங்கிய கடனே இன்னும் ஓடுகிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். வரியே கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மூச்சு விட நேரம் வேண்டும். நடப்புக் கணக்கை முடக்கிவிட்டால் காகிதம் வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. சட்டத்தில் என்ன வழி இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வரி ஆலோசகர்:

அண்ணாச்சி, ஆணை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பது பெரிய ஆறுதல். ஆணை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை கட்டுவதற்கு அவகாசம் உண்டு. அது ஜிஎஸ்டி சட்டத்தின் 78ஆவது பிரிவு. அதற்குப் பிறகுதான் வசூல் நடவடிக்கை தொடங்கும். வருவாய் நலன் கருதி அதிகாரி காரணத்தை எழுதிவைத்து இந்தக் காலத்தைக் குறைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே மூன்றாவது மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

நீங்கள் கேட்கும் வழி 80ஆவது பிரிவில் இருக்கிறது. அதிகபட்சம் 24 மாதத் தவணை கேட்கலாம். விண்ணப்பப் படிவம் டிஆர்சி-20. ஜிஎஸ்டி இணையதளத்திலேயே போட வேண்டும். விண்ணப்பம் ஆணையருக்குப் போனதும், உங்களால் கட்ட முடியுமா முடியாதா என்று உங்கள் வட்டத்து அதிகாரியிடம் அவர் அறிக்கை கேட்பார். அந்த அறிக்கையை வைத்துத்தான் டிஆர்சி-21 என்ற ஆணை வரும். விண்ணப்பத்தை அழகாக எழுதுவதைவிட, அறிக்கை எழுதப்போகும் அதிகாரியின் கையில் சரியான தாள்கள் இருப்பதுதான் முக்கியம். வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டின் விற்றுமுதலும் பிந்தைய ஆண்டின் விற்றுமுதலும், கடன் தவணை விவரம், கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை, வெள்ளச் சேதப் படங்கள், கிராம நிர்வாக அலுவலர் சான்று, காப்பீட்டு அளவையாளர் வந்திருந்தால் அவருடைய அறிக்கை. இவற்றை ஒரு கோப்பாகக் கட்டி நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே ஒரு நிலுவைக்கு வசூல் நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால் தவணைச் சலுகை கிடையாது. கணக்கில் உள்ள பணத்தை அரசுக்குக் கட்டச் சொல்லும் டிஆர்சி-13 நோட்டீஸ் வங்கிக்குப் போன பிறகு ஓடிவந்து 80ஆவது பிரிவைக் கேட்பவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், மனசு கனத்துப்போகும். முன்கூட்டியே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மாதாமாதம் நீங்களே கணக்குப் போட்டுத் தாக்கல் செய்யும் 3பி படிவத்தின் வரிக்கும் தவணை கிடையாது. அதை ஒரு மாதமும் பாக்கி வைக்காதீர்கள். 25,000 ரூபாய்க்குக் கீழே உள்ள தொகைக்கும் இந்த வழி இல்லை. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கணக்குப் பாருங்கள். 3,12,000 ரூபாயை 24ஆல் வகுத்தால் மாதம் 13,000 ரூபாய். அதற்கு மேல் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 'முதலில் அரசாங்கக் கடனை அடை' என்று சொல்லிக்கொண்டு, மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்குப் பணம் தருகிறவர்கள் கடைவாசலுக்கே வருவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2017இல் நம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே எரிந்து போனது. இந்த ஊரில் அதை மறக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆண்டுக்கு 18 என்பதும் மாதத்துக்குப் பத்து என்பதும் ஒன்றல்ல.

வீரவநல்லூர் ஜவுளி:

ஆலோசகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தவணை ஆணை கிடைத்ததும் நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். ஒரே ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். மறுபடி நோட்டீஸ்கூட வராது. என் மைத்துனருக்கு இப்படித்தான் ஆனது. கொரோனா முடிந்த சமயம், சேலை வியாபாரம் மெல்லத் தலைதூக்கிய நேரம். மொத்த வியாபாரி தர வேண்டிய பணம் தாமதமானதால் ஒரு மாதத் தவணை நின்றுபோனது. அடுத்த மாதம் தறிக்காரர்களுக்குக் கூலி எடுக்க வங்கிக்குப் போனால், கணக்கில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை கூலிக்கு நிற்பவர்களிடம் என்ன சொல்வது? என் தங்கையின் வளையல்களை அடகு வைத்துத்தான் அந்த வாரம் கூலி கொடுத்தார்.

ஆகவே 24 மாதம் கேட்டால் மாதத்தொகை குறையும் என்பது சரி, ஆனால் உங்கள் தொழிலில் ஆடி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் இருக்காது அல்லவா? அந்த மாதங்களுக்கான தவணைப் பணத்தை வைகாசி, ஆவணி வரும்படியிலேயே தனியாக எடுத்து வையுங்கள். தவணைக்கென்று அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் கடைப்பணத்தோடு கலக்காது.

கைலாசபுரம் அச்சகம்:

இருவருக்கும் நன்றி. ஆலோசகர் அம்மா, இன்னொரு கேள்வி. மேல்முறையீடு போட்டால் 10 சதவீதம் கட்டினால் போதும், மீதி நின்றுவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். 21,600 ரூபாயோடு முடியும் என்றால் தவணையைவிட அது மேல் இல்லையா?

பாளை வரி ஆலோசகர்:

அவர் சொன்னது பாதி சரி. 107ஆவது பிரிவில் மேல்முறையீடு போட மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். நீங்கள் மறுக்கும் வரியில் 10 சதவீதம் கட்டினால் மீதியின் வசூல் நிற்கும். ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் பகுதியை முழுவதுமாக, அதற்குரிய வட்டி, அபராதத்தோடு கட்டியாக வேண்டும். அழிந்த சரக்கின் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்பது 17ஆவது பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது. வெள்ளத்தில் அழிந்தாலும் அதே விதிதான். இந்த விதி எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை. சரக்கும் போய், அந்தச் சரக்குக்குக் கொடுத்த வரியும் போகிறது. ஆனாலும் சட்டம் அதுதான். மொத்தத்தையும் மறுத்து, நேரம் வாங்குவதற்காக மட்டும் மேல்முறையீடு போட்டால், அது தள்ளுபடியாகிற நாள் வரை 18 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. மேப்லித்தோவை உலர்த்தித் துண்டறிக்கைக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னீர்கள். அது அழிந்த சரக்கு அல்ல. அதற்கான வரியைத் திருப்ப வேண்டியதில்லை. 2024 ஜனவரி, பிப்ரவரி துண்டறிக்கை பில்களைத் தேடி எடுங்கள். எத்தனை ரீம் என்று பில்லிலிருந்து காட்ட முடிந்தால், அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அந்தத் தொகை சிறியதாக இருந்தால் ஒப்புக்கொள்ளும் பகுதி பெரிதாகிவிடும்; அதை ஒரே தடவையில் கட்டுவது உங்களால் ஆகாது. அப்போது தவணைதான் நல்லது. பில்களைப் பார்த்த பிறகு எந்த வழி என்று முடிவு செய்யலாம், அவசரம் வேண்டாம். ஆனால் இந்த வாரமே தேடுங்கள்.

அம்பை ஆசிரியை:

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன். எங்களுக்கு வந்தது வருமான வரிக் கோரிக்கை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுவதற்கு 30 நாள். அதற்குள் அதிகாரியிடம் எழுதிக் கேட்டால் அவகாசமோ தவணையோ தர 220ஆவது பிரிவு இடம் தந்தது. தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. மேல்முறையீட்டில் இருந்தால் பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்லி மீதியை நிறுத்திவைப்பார்கள். என் கணவர் சிறுநீரகச் சிகிச்சையில் இருந்த நேரம். மருத்துவமனை ரசீதுகளை வைத்துத்தான் தவணை கேட்டோம். அதிகாரி மரியாதையாகவே நடத்தினார். அச்சக அண்ணாச்சி, அலுவலகத்துக்குப் போக அஞ்ச வேண்டாம்.

கைலாசபுரம் அச்சகம்:

பில் புத்தகங்கள் கிடைத்துவிட்டன. துண்டறிக்கைக்குப் போன காகிதம் நான் நினைத்ததைவிடக் குறைவு; வரியாகப் பார்த்தால் சில ஆயிரங்கள்தான். எனவே தவணைக்கே விண்ணப்பிக்கிறேன். மகள் இன்று மாலை டிஆர்சி-20ஐ நிரப்புகிறாள். கிராம நிர்வாக அலுவலர் நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார்.