குக்கீயின் அடிப்பக்கம் மட்டும் கருகுகிறது, என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஓவனில் குக்கீ சுடும்போது மேல்பக்கம் வெளுத்தே இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் கருகிவிடுகிறது. ஓவனை முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் வைத்து, 180 டிகிரியில் 12 நிமிடம் விடுகிறேன். மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் எரிகின்றன. தட்டு கறுப்பு நிறம், மெல்லியது. கறுப்பு உலோகம் வெப்பத்தை அதிகமாக இழுக்கும் என்பதால் அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். பட்டர் பேப்பர் போட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

வெளிர் நிற அலுமினியத் தட்டு வாங்கினால் சரியாகுமா, அல்லது இருக்கிற தட்டுக்கு அடியில் இன்னொன்றை வைத்தாலே போதுமா? 165-க்குக் குறைக்கலாம்தான். ஆனால் ஓரம் இறுகுவதற்குள் வெண்ணெய் உருகி, மாவு பரவித் தட்டையாகிவிடுமோ என்று பயம். ஓவன் காட்டும் டிகிரியையே நம்பலாமா? உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் யாராவது பயன்படுத்துகிறீர்களா?

அப்புறம், நடுப்பகுதி மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், சூடான தட்டிலேயே மீதி வெந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் தட்டில் எவ்வளவு நேரம் விடுவது? கறுப்புத் தட்டில் அதற்குள் அடி இன்னும் கருகாதா?

மைக்ரோவேவ் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.