பேக்கப்பில் கோப்பு எல்லாமே 'நோபடி' பெயருக்கு மாறிவிடுகிறது, உதவி தேவை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04 சர்வரில் சுமார் 300 மாணவர்களின் ஹோம் ஃபோல்டர்கள். தினமும் ராத்திரி ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் நிரல்) மூலம், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் முறை) வழியாக, பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கு பேக்கப் போகிறது. அங்கே எந்தக் கோப்புக்கும் உரிய ஆள் பெயர் இல்லை, எல்லாமே 'நோபடி' (யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் பயனர்). போன மாதம் ஒரு மாணவியின் ப்ராஜெக்டை மீட்டுக் கொடுத்தோம். அவள் கோப்பை அவளாலேயே திறக்க முடியவில்லை. பாவம், ரிவ்யூ நேரம் வேறு.

ஆர்சிங்க்கை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டினேன், பெயருக்குப் பதில் பயனர் எண்ணையே வைத்துக்கொள்ளும் நியூமரிக்-ஐடிஸ் சேர்த்தேன். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றுதான் வருகிறது. நாஸில் ரூட் ஸ்குவாஷ் (வெளியிலிருந்து வரும் ரூட்டைச் சாதாரணப் பயனராக்கும் அமைப்பு) இருக்கிறது, அதை அணைக்க மெனுவில் வழியில்லை. வேறு வழி பார்த்தால், எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் டிஸ்க் உரிமையாளர் விவரத்தையே வைத்துக்கொள்ளாது. டார் (ஒரே மூட்டைக் கோப்பு) கட்டினால் யுஐடி (பயனர் எண்) பத்திரம், ஆனால் ஒரு கோப்புக்காக முழு மூட்டையையும் படிக்க வேண்டியிருக்கிறது. வண்ணார்பேட்டைக் கடையில் புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள், அதற்கு இப்போது பணம் இல்லை.

நாஸில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) உண்டு, ரூட் கிடையாது, உள்ளே இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்). அதனால் ஆர்சிங்க்கில் ஃபேக்-சூப்பர் என்ற ஆப்ஷன் போட்டு, உரிமையாளர் விவரத்தை எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்பில்) சேமிக்கலாம் என்று நினைக்கிறேன்.

செய்து பார்த்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்: சர்வருக்குத் திரும்ப மீட்கும்போது ஃபேக்-சூப்பரை எந்தப் பக்கம் (நாஸிலா, சர்வரிலா) கொடுத்தால் அவரவர் யுஐடி சரியாக வரும்?