கிறிஸ்தவக் கலைஞர்கள் கூடி உட்கார ஓர் இடம்: எப்படித் தொடங்குவது?

பாளை_தூரிகை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஊசிக்கோபுரத் தேவாலயம் கண்ணில் படுகிற தெருவில் வளர்ந்தவள். பத்து வயதில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்புக்கு நோவாவின் பேழையைச் சார்ட்டில் வரைந்து கொடுத்தேன். இப்போது 34 வயது, இன்னும் சபைக்கு வரைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பின்திரை கேட்டார்கள். எந்தச் சபை என்பது வேண்டாம். இருபது அடிக்குப் பத்து அடி காடாத் துணி. பள்ளி விட்டு வந்து பதினோரு இரவு ஹாலில் முட்டி போட்டு வரைந்தேன். பெத்லகேமை நம்ம தேரிக்காட்டு ஊராகவே போட்டேன்: பனைகள், கருப்பட்டி காய்ச்சுகிற விடிலி, அதற்குள் மரியாளும் பிள்ளையும். பெயின்ட் மட்டும் நாலாயிரத்துக்கு மேல் ஆனது. அதைக்கூடக் கேட்கத் தயக்கம், "ஊழியந்தானேம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் வேறு வேலையாகப் போனபோது அந்தத் துணி சிமென்ட் மூட்டைகளை மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். அம்மா "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார். பள்ளியில் சொன்னால் "அது உங்க சர்ச் விஷயம்" என்பார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் ஒரு கூட்டம் சேர்க்க வேண்டும் என்று தீர்மானமாகப் பட்டது.

தேடினால் ஆட்கள் இருக்கிறார்கள்! சப்பரம் செதுக்குகிற ஒரு கத்தோலிக்கத் தச்சர் அண்ணன், வில்லுப்பாட்டில் யோசேப்பு கதை பாடுகிற ஓர் அக்கா, மிருதங்கம் படித்துவிட்டு ஆராதனையில் ரிதம் பேட் தட்டுகிற தம்பி, கம்ப்யூட்டரில் வரைகிற பெந்தெகொஸ்தே சபைத் தம்பி ஒருவர். என்னோடு ஏழு பேர். எங்கள் வீட்டு மாடியில் மூன்று தடவை கூடினோம். முதல் தடவை ஜெபமும் சாட்சியுமாகவே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது, கொண்டுவந்த படங்களை யாரும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டாவது தடவை இயேசுவின் முகத்தை வரையலாமா கூடாதா என்று வாக்குவாதம். மூன்றாவது தடவை வந்தது மூன்று பேர்.

ஜெபத்துக்கு எவ்வளவு நேரம் வைப்பது? வேறு வேறு சபைக்காரர்கள் ஒன்றாக நிலைக்க முடியுமா? சேகரத்து ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா? பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரைத் தோல்கருவி:

தங்கச்சி, சிமென்ட் மூட்டை விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் பறை அடிக்கிறவன். சாவுக்கு அடிக்கிற மேளம் கோயிலுக்குள் எதற்கு என்று கேட்ட காலத்தைப் பார்த்தவன்.

எங்களுக்கு வழி திறந்தது அரசரடி இறையியல் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்றால் எல்லாருக்கும் தெரியும், கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் வழிபாட்டு முறையையே ஆக்கினார். 2005இல் மறைந்தார், பாட்டு நின்றுவிடவில்லை. அந்தப் பாட்டுகளை நாலு பேர் சேர்ந்துதான் பாட முடியும். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். கூட்டம் எப்படிச் சேரும் என்பதை நான் படித்தது அங்கேதான்.

உங்கள் முதல் கூட்டம் ஏன் வழுக்கியது என்று எனக்குத் தெரியும். ஜெபக் கூட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் சொந்தச் சபை இருக்கிறது. உங்கள் மாடிக்கு வந்தவர்கள் அங்கே கிடைக்காததைத் தேடி வந்தார்கள். அதனால் வேலையை முதலில் எடுத்து வையுங்கள். முடிக்காத வேலையாக இருக்கட்டும். தச்சர் அண்ணன் பாதி செதுக்கின தூதன் சிறகைக் கொண்டுவரட்டும், வில்லுப்பாட்டு அக்கா இடறுகிற அடியைப் பாடிக் காட்டட்டும். எல்லாரும் பார்த்து, கேட்டு, மனதில் பட்டதைச் சொன்ன பிறகு அந்த வேலையின் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். "ஆண்டவரே, இந்தச் சிறகு சரியாக வரவேண்டும்" என்று யாராவது நமக்காக வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்களா? எனக்காக ஒருவர் என் பறையில் கை வைத்து ஜெபித்தார். அன்றிலிருந்து அந்தக் குழுவை விட்டு நான் போகவில்லை.

அப்புறம், சேர்ந்து சாப்பிடுங்கள். வெளியில் வாங்காமல் ஆளுக்கு ஒரு சாமான் கொண்டுவந்து அங்கேயே ஆக்குங்கள். அசனப் பண்டிகை என்று சபையே சேர்ந்து ஆக்கிச் சாப்பிடுகிற ஊர்க்காரிக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஐயரிடம் சொல்லுங்கள், மரியாதைக்கு. அனுமதி கேட்பது போலச் சொல்லாதீர்கள். கேட்டால் கமிட்டி வரும், கமிட்டி வந்தால் நீங்கள் மறுபடி பின்திரைக் குழு ஆகிவிடுவீர்கள்.

எழுத்து_வேலை:

பிரெய்ஸ் த லார்ட் அக்கா. நான் சென்னையில் பெந்தெகொஸ்தே சபை. உங்கள் குழுவில் இருக்கிற தம்பியின் இடத்திலிருந்து பேசுகிறேன்.

சொரூபம் உண்டாக்காதே என்கிற யாத்திராகமம் 20ஐ நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிறிஸ்துவின் முகத்தை வரைய என் மனச்சாட்சி இடம் கொடுக்காது. ஆனால் அதே யாத்திராகமத்தில் 31ஆம் அதிகாரம் இருக்கிறது. பெசலெயேலைப் பேர் சொல்லி அழைத்து, தேவ ஆவியால் நிரப்பியதாக எழுதியிருக்கிறது. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்காக! கூட அகோலியாபையும் கொடுத்தார், தனியாக விடவில்லை. இரண்டு அதிகாரமும் எனக்கு வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஓவியர் என்னை வாக்குவாதத்துக்கு இழுக்கவே இல்லை. "தம்பி, இந்தச் சங்கீதத்தைத் தமிழ் எழுத்தாகவே ஒரு பெரிய சுவருக்கு எழுத முடியுமா?" என்று கேட்டார். மூன்று வாரம் ழகரத்தின் சுழியோடு மல்லுக்கட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். அவர் வரைகிற மாதாவை நான் வணங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும். இன்றுவரை வாரா வாரம் சந்திக்கிறோம். உங்கள் தம்பிக்கும் அவர் மனச்சாட்சிக்கு ஒத்த வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

ஈஞ்சம்பாக்கம்:

மேலே தம்பி சொன்ன அந்தக் கத்தோலிக்க ஓவியர் நான்தான்.

சபை பேதம் பற்றிக் கேட்டதால் ஒருவரைச் சொல்கிறேன். ஆஞ்செலோ டா ஃபொன்சேகா, கோவாக்காரர், கத்தோலிக்கர், சாந்திநிகேதனில் படித்தவர். மரியாளைச் சேலை கட்டின இந்தியப் பெண்ணாக வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்பு. அவருக்கு இடம் கொடுத்து வரைய வைத்தது புனேயில் ஆங்கிலிக்கர்கள் நடத்திய கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம். 1967இல் இறந்தார். ஒரு கத்தோலிக்க ஓவியரின் மாதா படங்கள் ஆங்கிலிக்கர் கூரையின் கீழே பிறந்தன. உங்கள் விடிலி மரியாளை நினைத்ததும் இவர்தான் ஞாபகம் வந்தார்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் காயம் பாதி அதில் இருக்கிறது. நான் குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் சோழமண்டலம். மதக் குழு கிடையாது, ஆனாலும் பார்க்க வேண்டியது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் உண்டாக்கிய கிராமம். பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்று நிலம் வாங்கினார்கள். ஓவியம் விற்கும்வரை காத்திருக்கவில்லை. நீங்களும் ஞானஸ்நான அட்டை, திருமண வசனப் பலகை, குடில் பொம்மை என்று சின்னதாக ஏதாவது சேர்ந்து செய்யுங்கள். வருவதில் ஒரு பங்கு பொதுப் பெட்டிக்கு. சபை வேலை வந்தால் குழுவின் பேரில் சீட்டு எழுதிக் கொடுங்கள்: சாமான் செலவு இவ்வளவு, கூலி இவ்வளவு. கூலியை விட்டுக்கொடுக்க நினைத்தால் அதையும் சீட்டிலேயே எழுதி விட்டுக்கொடுங்கள். வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்பதை லூக்கா 10இல் ஆண்டவரே சொல்கிறார். கொடுத்தது எவ்வளவு என்று வாங்கியவருக்குத் தெரியாத காணிக்கைதான் சிமென்ட் மூட்டைக்குப் போகிறது.

குருநகர்க் கூத்து:

பிள்ளை, நான் யாழ்ப்பாணம் குருநகர் ஆள். சின்ன வயதிலிருந்து அண்ணாவியாரிடம் அடி வாங்கிக் கூத்துப் பழகினவன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு ஒரு தேதி வேண்டும்.

எங்களிடம் திருமறைக் கலாமன்றம் இருக்கிறது. 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கினது. ஆண்டவரின் பாடுகளை மேடையேற்றுவது அதன் பெரிய வேலை. பிறகு கூத்து, இசை, 1990 முதல் 'கலைமுகம்' சஞ்சிகை என்று விரிந்தது. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வந்து சேர்ந்தார்கள், யாரும் விசுவாசத்தைக் கரைக்கவில்லை. போர் நடந்தது, 1995இல் ஊரே இடம்பெயர்ந்தது, மன்றம் இன்றும் இருக்கிறது.

தவக்காலம் வருகிறது என்றால் பாடுகளின் காட்சிக்கு ஒத்திகைக்குப் போயே ஆக வேண்டும். முந்தின நாள் சண்டை பிடித்த ஆளின் கையில்தான் உன் சிலுவையின் மறுமுனை இருக்கும். தூக்காமல் என்ன செய்வது? நாடகத்தில் தச்சருக்கும் வேலை, மிருதங்கத் தம்பிக்கும் வேலை, உங்களுக்குப் பின்திரை. உங்கள் பெந்தெகொஸ்தே தம்பி சிலுவையின் மேலே மாட்டுகிற பலகையை எழுதட்டும். குருத்தோலை ஞாயிறு என்று நாள் குறியுங்கள். மாடியில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம் மழை வந்தால் கலைந்துவிடும்.

பாளை_தூரிகை:

அண்ணன்மாரே, தம்பி, ஐயா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தச்சர் அண்ணனிடம் பேசிவிட்டேன். இனிமேல் கூடுவது அவர் பட்டறையில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. மரத்தூள் வாசனையில் உட்கார்ந்தால் கையில் வேலை தானாக வந்துவிடும் என்கிறார். வில்லுப்பாட்டு அக்கா அரிசி கொண்டுவருகிறார், நான் கருவாட்டுக் குழம்புக்குச் சாமான். பெந்தெகொஸ்தே தம்பிக்கு சிலுவைப் பலகை விஷயத்தைச் சொன்னேன். யோவான் சொல்கிறபடி எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் எழுதி, கீழே தமிழிலும் எழுதலாமா என்று உடனே கேட்டார். குரலே மாறியிருந்தது.

ஐயரிடம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை. "நல்லது, ஜெபித்துக்கொள்கிறேன்" என்றார். அப்படியே அந்தத் துணியையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ஓரத்தில் இரண்டு முழம் சிமென்ட் பிடித்து விறைத்துக் கிடக்கிறது, பனைகள் போய்விட்டன. விடிலியும் அதற்குள் இருக்கிற பிள்ளையும் அப்படியே இருக்கின்றன. சனிக்கிழமை முதலில் அதைத்தான் விரித்துக் காட்டப் போகிறேன்.