அடித்துவிட்ட வரி: மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த அனுபவங்கள்

எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை

கட்டுரையை முடித்ததும் அதன் கீழே தன்மதிப்பீடாக நான்கு வரி எழுத வேண்டும் என்று ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் என் மாணவர்களிடம் சொன்னேன். முதல் வாரம் திருத்த எடுத்த 38 ஏடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் இருந்தது: "என் கட்டுரை நன்றாக வந்துள்ளது, பிழைகளைக் குறைத்து இன்னும் சிறப்பாக எழுத முயல்வேன்." யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆசிரியைக்கு என்ன பிடிக்கும் என்று தனித்தனியே கணித்தும் எல்லோருக்கும் ஒரே விடை கிடைத்திருக்கிறது. பழுது என் கேள்வியில் இருந்தது. "எப்படி எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டால் பிள்ளை தனக்குத்தானே சான்றிதழ் எழுதித் தருமே தவிர, எழுதியதைத் திரும்பிப் பார்க்காது.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றினேன். எழுதும்போது பேனா எந்த இடத்தில் நின்றது, அங்கே முதலில் என்ன எழுத நினைத்தாய், பிறகு ஏன் வேறொன்றை எழுதினாய் என்பவை மட்டும் போதும் என்றேன். முதல் படியில், அதாவது முதல் வரைவில், ரப்பரோ வெள்ளை மையோ கூடாது, வேண்டாத வரியை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் விடுதிக்குப் படிக்கச் சென்ற நாளைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். வீடே வெறிச்சோடியது, அம்மா அழுதார், நானும் அழுதேன் என்று எல்லோரும் எழுதக்கூடியபடியே அது சென்றது. நடுவில் அடிக்கப்பட்டிருந்த ஒரு வரியைக் கோட்டின் அடியில் படிக்க முடிந்தது: "மறுநாள் படிப்பு மேசை முழுவதும் எனக்கே கிடைத்தது." ஏன் அடித்தாள் என்பதைக் கட்டுரையின் கீழே அவளே எழுதியிருந்தாள்: "இதைப் படித்தால் அண்ணன் போனதில் எனக்கு மகிழ்ச்சி என்று நினைத்துவிடுவார்கள். கொஞ்சம் மகிழ்ச்சி இருந்தது உண்மைதான்." கட்டுரையில் இல்லாத சிந்தனை அந்த இரண்டு வரிகளில் இருந்தது.

அதன்பின் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் அந்தக் குறிப்பை வகுப்பில் படித்துக்காட்டி, மனத்தில் உள்ளதை இப்படித்தான் எழுத வேண்டும் என்று பாராட்டினேன். அடுத்த வாரம் ஏடுகளில் ஒப்புதல் வாக்குமூலங்கள் குவிந்தன. தம்பியைப் பிடிக்காது, நண்பனிடம் பொய் சொன்னேன் என்று வகுப்பே குற்ற உணர்வில் மூழ்கியிருந்தது. பழைய கணிப்பையே பிள்ளைகள் புதிய கேள்விக்கும் பயன்படுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குறிப்புகளுக்கு மதிப்பெண் இடுவதில்லை, வகுப்பில் படித்துக்காட்டுவதும் இல்லை. யாருக்கும் காட்ட விரும்பாத பக்கத்தை மடித்து வைக்கலாம், மடித்ததை நான் பிரிக்கமாட்டேன் என்பது எங்களுக்குள் உடன்பாடு.

உயர்நிலைப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி அளிப்பவர்

மேலே கூறப்பட்ட 38 ஏடுகளை நானும் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். திருத்தி எழுதச் சொன்னால் என் மாணவர்கள் 'மிகவும் அழகான' என்பதை 'பேரழகு வாய்ந்த' என்று மாற்றிக் கொடுப்பார்கள். கட்டுரையின் எலும்பில் எந்த அசைவும் இருக்காது. எழுத்துக் கற்பித்தலை ஆராய்ந்த அமெரிக்கரான நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் 20 பேரும் அனுபவமுள்ள எழுத்தாளர்கள் 20 பேரும் ஆளுக்கு 3 கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் இருமுறை திருத்தினார்கள். மாணவர்களுக்குத் திருத்தம் என்பது பெரும்பாலும் சொல்லை மாற்றுவதாக இருக்க, எழுத்தாளர்களோ தாம் சொல்லவந்ததன் வடிவத்தையே திருத்தும்போதுதான் தேடினார்கள்.

வடிவத்தைப் பற்றிப் பேச மாணவர்களிடம் சொற்கள் இல்லையே என்று யோசித்தபோது நன்னூல் கைகொடுத்தது. நூலுக்கு ஆகாதவை என்று அது வகுத்த பத்துக் குற்றங்களை மாணவர்கள் தேர்வுக்காக உருப்போட்டு மறப்பதுதான் வழக்கம். நான் சிவப்பு மையை நிறுத்திவிட்டு, அவரவர் முதல் படியில் அந்தப் பத்தில் ஒன்றை மட்டும் கண்டுபிடித்து, அது ஏன் நேர்ந்தது என்று எழுதச் சொன்னேன். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் எல்லாம் உடனே அகப்பட்டன. ஆனால் வகுப்புக்கு மிகவும் பிடித்துப்போனது 'சென்று தேய்ந்து இறுதல்'. நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவதற்கு இவ்வளவு அழகான பெயர் இருப்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

கால்பந்துப் போட்டியைப் பற்றி எழுதிய மாணவன் ஒருவன் முதல் பாதி ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தான். இரண்டாம் பாதிக்கு "பின்னர் நாங்கள் வெற்றி பெற்று மகிழ்ச்சியுடன் திரும்பினோம்" என்ற ஒரு வரிதான். தேய்ந்து இறுதல் என்று அவனே குறித்திருந்தான். காரணம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. கேட்டதற்கு, நேரம் போதவில்லை என்றான். நான் பேசாமல் இருந்தேன். (இந்தத் தொழிலில் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதுதான்.) சற்றுக் கழித்து, "இரண்டாம் பாதியில நான் ஆடல சார், வெளிய உட்கார வச்சிட்டாங்க" என்றான். அடுத்த படியில் இரண்டாம் பாதி முழுவதும் கோட்டுக்கு வெளியிலிருந்து எழுதப்பட்டிருந்தது. கோல் விழுந்தபோது அவனுக்குத் தெரிந்தவை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட நண்பர்களின் முதுகுகளும், அவன் இருந்த பக்கம் யாரும் திரும்பாததும்தான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது. குறிப்பு எழுதச் சொன்னால் அதுவே இன்னொரு கட்டுரைச் சுமையாகிவிடுகிறது. ஆகவே ஆளுக்கு மூன்று நிமிடம் அருகில் அமர்ந்து பேசுகிறேன். பிள்ளைதான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பென்சிலும் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். படிக்கும்போது தானாக நிற்கும் இடத்தில் "இங்கே ஏன் நின்றாய்?" என்று மட்டும் கேட்பேன். நேற்று ஒரு சிறுமி, "இது நான் சொல்ற மாதிரி இல்ல, புத்தகம் சொல்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அந்த வரியை அடித்துவிட்டாள்.

முதலில் எழுதிய ஆசிரியையிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மேசை வரியை மாணவி இறுதிப் படியில் சேர்த்தாளா?

எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை

சேர்க்கவில்லை. அண்ணன் விடுமுறைக்கு வந்தால் அதைப் படிப்பான் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் வீடே வெறிச்சோடியது என்ற வரியையும் எடுத்துவிட்டாள்.